ஜேசிபி வரும் முன்னே: ஊரிலுள்ள பழஞ்சின்னங்களைக் கணக்கெடுப்பது எப்படி?

பக்கத்து ஊர் ஏரிக்குள் இரண்டு கல்தூண்கள் ஆளுயரத்துக்கு மேல் நின்றுகொண்டிருந்தன. ஒரு கோடையில் தூர்வார வந்த ஜேசிபி திரும்புவதற்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று ஒன்றைப் பெயர்த்துக் கரையில் தள்ளிவிட்டார்கள். விழுந்த வேகத்தில் இரண்டாக உடைந்தது. உடைந்த பிறகுதான் மண்ணுக்குள் இருந்த பகுதியில் எழுத்து இருப்பதைப் பார்த்தோம். அது குமிழித் தூம்பு. ஏரித் தண்ணீரை அளந்து திறந்துவிட அந்தக் காலத்தில் வைத்த மடை. யாரைக் குறை சொல்வது? ஓட்டுநருக்குத் தெரியாது, ஒப்பந்தக்காரருக்குத் தெரியாது, அளவெடுக்க வந்தவருக்கும் தெரியாது. இந்த ஏரியில் இப்படி ஒரு கல் நிற்கிறது என்று எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்கவில்லை.

அந்தக் காகிதத்தை எழுதுவது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்கள் நானூற்றுச் சொச்சம், மாநிலத் துறையிடம் உள்ளவை சுமார் நூறு. மீதி எல்லாம் ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டால் உண்டு. இதற்குத் தொல்லியல் பட்டம் வேண்டாம். நான்கைந்து பேர், சில வார இறுதிகள், கொஞ்சம் பொறுமை போதும்.

எதையெல்லாம் எழுதுவது?

புதிதாகத் தொடங்குகிறவர்கள் நேராகக் கோயிலுக்குப் போவார்கள். நான் கோயிலைக் கடைசியில் வைக்கச் சொல்வேன். கோயில் கல்வெட்டு அநேகமாக ஏற்கெனவே படித்துப் பதிவானதாக இருக்கும், காணாமல் போவதும் சுலபமில்லை. சாலையோரத்தில் தனியாக நிற்கும் கல்லுக்குத்தான் நாதியில்லை.

சுமைதாங்கிக் கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக, வழிப்போக்கர்கள் தலைச்சுமையை இறக்கிவைக்க என்று நட்டது. சாலையை அகலப்படுத்தும்போது முதலில் போவது அதுதான். அப்புறம் ஆவுரிஞ்சுக் கல். மாடுகள் உடம்பைத் தேய்த்துக்கொள்ள மந்தையில் நட்டது. சிவன் கோயிலுக்கு விட்ட நிலத்தின் எல்லையில் நட்ட சூலக்கல், பெருமாள் கோயில் நிலத்துக்கு நட்ட திருவாழிக்கல், தமிழ் எண் பொறித்த பழைய மைல்கல், நடுகல் (இறந்த வீரனின் நினைவாக நட்டது), சதிக்கல் (உடன்கட்டை ஏறிய பெண்ணின் நினைவாக நட்டது), ஏரித் தூம்பு, படிக்கிணறு, கல்வட்டம் (பழங்காலப் புதைகுழியைச் சுற்றி வட்டமாக அடுக்கிய கற்கள்), கற்திட்டை (இறந்தவர்களுக்காகத் தரைக்கு மேல் பலகைக் கல்லால் எழுப்பிய அறை), தாழி (இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய பானை) புதைந்த காடு, பானையோடு சிதறிய மேடு, இரும்புச் சிட்டம் (இரும்பு உருக்கிய கசடு) கிடக்கும் இடம், பாறை ஓவியம், சமணர் படுக்கை (சமணத் துறவிகளுக்காகப் பாறையில் வெட்டிய படுக்கை), சத்திரம், வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா, பழைய பள்ளிக்கூடம், தர்கா, மாதா கோயில் எல்லாமே கணக்குதான். நூறு வருடம் இருக்குமா என்று சந்தேகம் வந்தால் எழுதிவிடுங்கள். அடிப்பதற்குப் பென்சில் கையில்தானே இருக்கிறது.

வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

களத்தில் இறங்கும் முன் மூன்று வேலைகள் இருக்கின்றன.

முதல் வேலை, ஊரின் சர்வே எண்களைக் கையில் வைத்துக்கொள்வது. கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடமும் ‘அ’ பதிவேடும் (நிலங்களின் விவரப் பட்டியல்) இருக்கும். புலப்படம் (ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவுப் படம்) இணையத்திலும் கிடைக்கிறது. சர்வே எண்ணை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பது கடைசியில் புரியும். வரைபடம் வாங்கப் போகும்போதே தலையாரியிடம் காட்டுப் பெயர், மேட்டுப் பெயர், திட்டுப் பெயர் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாதித் துப்பு பெயரிலேயே இருக்கும். கீழடியில் அகழாய்வு நடந்த இடத்துக்கு ஊரார் வைத்திருந்த பெயர் பள்ளிச்சந்தைத் திடல். பள்ளிச்சந்தம் என்பது சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் சொல்லும் சொல். ‘பாண்டவர் குழி’, ‘குள்ளர் குகை’, ‘வாலியர் வீடு’ என்று ஒரு இடத்தைச் சொன்னால் அங்கே கற்பதுக்கையோ (மண்ணுக்குள் புதைந்த கல் அறை) கற்திட்டையோ இருக்கப் பெரும் வாய்ப்பு உண்டு. ‘நத்தமேடு’ என்றால் ஊர் முன்பு இருந்து பின்னால் நகர்ந்த இடமாக இருக்கலாம். ‘பஞ்சபாண்டவர் படுக்கை’ பல ஊர்களில் சமணர் படுக்கையாகவே முடிந்திருக்கிறது.

இரண்டாவது, ஏற்கெனவே யாராவது பார்த்திருக்கிறார்களா என்று தேடுவது. 1887 முதல் ஆண்டுதோறும் படியெடுத்த கல்வெட்டுகளின் அறிக்கைகள் வந்திருக்கின்றன. தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் 1890 முதல் வெளிவருகின்றன. ஊர்ப் பெயரை இன்றைய மாவட்டத்தில் தேடினால் கிடைக்காது. திருவண்ணாமலை மாவட்டத்து ஊரை வட ஆற்காட்டிலும், கிருஷ்ணகிரி, தருமபுரி ஊர்களைச் சேலத்திலும் தேடுங்கள். பெயரின் எழுத்துக்கூட்டலும் மாறியிருக்கும், நாலைந்து விதமாகப் போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, மேலிருந்து பார்ப்பது. சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 அளவு வரைபடத்தைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களைப் பின்னோக்கி நகர்த்திப் பார்த்தால், இப்போது தென்னந்தோப்பாக இருக்கும் இடம் பத்து வருடம் முன்பு மேடாக இருந்தது தெரியும். எந்தப் பக்கம் கல்குவாரி வளர்ந்து வருகிறது என்பதும் தெரியும்.

யாரிடம் சொல்லிவிட்டுப் போவது?

பட்டா நிலம் என்றால் நிலத்துக்காரரிடம். புறம்போக்கு, ஏரி என்றால் ஊராட்சித் தலைவரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும். காடு என்றால் வனச்சரகரின் அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள். அறநிலையத் துறைக் கோயில் என்றால் செயல் அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் கோயில்களுக்குள் செல்பேசிக்குத் தடை விதிக்க உத்தரவிட்டதிலிருந்து படம் எடுப்பது கேட்டுச் செய்ய வேண்டிய வேலையாகிவிட்டது.

நிலத்துக்காரர் கேட்கும் முதல் கேள்வி எனக்கு மனப்பாடம்: “எழுதிட்டுப் போனா கவர்மெண்டு நிலத்த எடுத்துக்குமா?” அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடம் கட்டத் தடை, அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும் என்று 2010-ல் சட்டம் திருத்தப்பட்டது. அந்த விதி பொருந்துவது அரசிதழில் அறிவித்த சின்னங்களுக்கு. ஊர்க்காரர்கள் எழுதும் பட்டியலால் யார் நிலமும் போகாது. இதை மழுப்பாமல் சொல்லிவிடுங்கள். அப்படியும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ‘நிலத்துக்காரர் விரும்பவில்லை’ என்று குறித்துக்கொண்டு நகர்ந்தால் போதும். அடுத்த வருடம் அவரே கூப்பிடுவார்.

பையில் இருக்க வேண்டியவை

கெட்டி அட்டை நோட்டு, பென்சில், 5 மீட்டர் டேப், 30 மீட்டர் டேப், 10 சென்டிமீட்டர் அளவுகோல் ஒன்று, டார்ச், மெத்தென்ற பெயிண்ட் பிரஷ், தண்ணீர் தெளிக்கும் பாட்டில், பவர் பேங்க், சின்ன சிலேட்டு. புதருக்குள் போவதால் ஷூ போட்டுக்கொள்ளுங்கள். கம்பி பிரஷ் இருந்தால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கேட்கத் தெரிய வேண்டும்

ஒரு ஊரில் எது எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்தவர்கள் ஆடு மேய்ப்பவர்களும், நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களும்தான். டீக்கடைப் பெரியவர்கள் ஊர்ப் பெருமையைச் சொல்வார்கள், இவர்கள் இடத்தைச் சொல்வார்கள். ஆனால் நம் சொல்லில் கேட்டால் பதில் வராது. முதல் நாள் நான் கேட்டது இப்படி:

“ஆயா, இந்தப் பக்கம் நடுகல் ஏதாவது இருக்கா? எழுத்து, உருவம் எல்லாம் இருக்கும்.”

“நடுகல்லா? அதெல்லாம் இல்லப்பா.”

கூட வந்த நண்பன் உள்ளூர்க்காரன். அவன் கேட்டான்: “ஆயா, வேடியப்பன் எங்க இருக்காரு?”

“எந்த வேடியப்பன்? ஏரிக்கோடி வேடியப்பனா, மாந்தோப்பு வேடியப்பனா?”

ஒரே கேள்வியில் இரண்டு நடுகல். திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல நடுகற்கள் வேடியப்பனாகக் கும்பிடப்படுகின்றன. “அது நடுகல்தான் ஆயா” என்று நான் திருத்தப் போனேன். “கல்லு இல்ல தம்பி, சாமி” என்றார். அன்றிலிருந்து படிவத்தில் முதல் வரியாக ஊரார் அழைக்கும் பெயரைத்தான் எழுதுகிறோம். நம் வகைப்பாடு இரண்டாவது வரிதான்.

நடை

காலம் பார்த்துப் போங்கள். மானாவாரிக் காட்டில் உழுது முடித்து ஒரு மழை பெய்த பிறகு போனால் பானையோடுகள் கழுவி வைத்ததுபோல் மேலே கிடக்கும். பயிர் நிற்கும்போது போய் ஒன்றும் தெரியவில்லை என்று திரும்பாதீர்கள். ஏரிக்குள் பார்க்கச் சித்திரை, வைகாசி. கல்லில் எழுத்தையும் சிற்பத்தையும் பார்க்கக் காலை, மாலைச் சாய்வெயில்.

மேட்டு நிலத்தில் ஆறு பேர் பத்தடி இடைவெளியில் வரிசையாக நின்று, ஒரே திசையில், தரையைப் பார்த்தபடி மெதுவாக நடக்க வேண்டும். கண்ட இடத்தில் நிற்க வேண்டும், குனிந்து எடுக்கக் கூடாது. ஓடுகள் அதிகமாகக் கிடக்கும் இடத்தில் ஒரு மீட்டர் சதுரம் வகுத்து அதற்குள் எத்தனை என்று எண்ணுங்கள். ‘நிறைய கிடக்கிறது’ என்பதைவிட ‘ஒரு சதுரத்தில் 23’ என்பது பின்னால் வருகிற ஆய்வாளருக்குப் பேருதவி. எந்தச் சர்வே எண்ணில் நடந்து ஒன்றுமே கிடைக்கவில்லையோ அதையும் எழுதுங்கள். வரைபடத்தில் வெறுமையாகக் கிடக்கும் இடம், பார்த்து இல்லாத இடமா, பார்க்காத இடமா என்று பிற்பாடு குழம்பக் கூடாது.

இப்படி நடந்துதான் பெரிய கண்டுபிடிப்புகளும் வந்தன. 2013-14-ல் மத்தியத் தொல்லியல் துறையின் குழு ஒன்று வைகைக் கரையோரம் ஊர் ஊராகப் பார்த்து 293 இடங்களைப் பட்டியலிட்டது. அதில் ஒன்றுதான் கீழடி. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி (தமிழின் மிகப் பழைய எழுத்து வடிவம்) எழுத்துள்ள நடுகற்கள் 2006-ல் தெரியவந்ததும் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் களத்தில் நடந்ததால்தான்.

ஒரு படிவம், நிரப்பியபடி

வெற்றுப் படிவத்தைப் பார்த்தால் எப்படி எழுதுவதென்று தெரியாது. அதனால் நிரப்பிய மாதிரி ஒன்று தருகிறேன்.

எண்: 14
ஊரார் அழைக்கும் பெயர்: ஏரிக்கோடி வேடியப்பன்
வகை: நடுகல்
சர்வே எண்: 112/3, ஏரிப் புறம்போக்கு
இடம்: ஏரிக்கோடியிலிருந்து தெற்கே 18 மீட்டர், பெரிய வேம்பின் கிழக்கே. ஜிபிஎஸ் தனித்தாளில்.
அளவு: தரைக்கு மேல் உயரம் 112 செ.மீ., அகலம் 74, கனம் 16. கிழக்கு பார்த்து நிற்கிறது.
பார்த்தது: வலக்கையில் வாள், இடக்கையில் வில். இடக்கால் அருகே நாலுகால் விலங்கு ஒன்று, தெளிவில்லை. தலைக்கு மேல் 5 வரி எழுத்து. கீழ்ப்பகுதி மண்ணுக்குள்.
கேட்டது: மாடு மீட்கப் போய்ச் செத்தவர் என்கிறார்கள். தைப்பொங்கலுக்கு மறுநாள் பூசை.
நினைப்பது: எழுத்து வட்டெழுத்தாக (பழைய தமிழ் எழுத்து வகை) இருக்கலாம்.
நிலை: இடது மேல்மூலை உடைந்திருக்கிறது, பழைய உடைப்பு. எண்ணெய் படிந்திருக்கிறது.
ஆபத்து: ஏரிக்கரைச் சாலையை அகலப்படுத்தினால் கல் சாலைக்குள் வரும்.
படங்கள்: 14-1 முதல் 14-6 வரை. நாள், எழுதியவர்.

இதில் ‘பார்த்தது’, ‘கேட்டது’, ‘நினைப்பது’ மூன்றையும் பிரித்து எழுதுவதுதான் உயிர்நாடி. மூன்றையும் கலந்து ‘மாடு மீட்டு இறந்த வீரனின் வட்டெழுத்து நடுகல்’ என்று எழுதிவிட்டால், அந்த விலங்கு மாடுதானா என்று யாரும் மறுபடி பார்க்க மாட்டார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. அதில் வீரனுக்குப் பக்கத்தில் நிற்பது நாய். கோவிவன் என்று அதற்குப் பெயர், இரண்டு கள்ளர்களைக் கடித்தது என்று கல்லிலேயே எழுதியிருக்கிறது. ‘ஏதோ விலங்கு, தெளிவில்லை’ என்று நேர்மையாக எழுதினால் இப்படி ஒரு நாய்க்கு இடம் மிச்சமிருக்கும்.

ஜிபிஎஸ் பற்றி ஒரு வார்த்தை. திறந்த வெளியில் செல்பேசி நாலைந்து மீட்டர் வரை பிசகும், மரத்தடியில் இன்னும் அதிகம். ஒரு நிமிடம் நின்று, அளவு நிலைத்த பிறகு குறித்துக்கொள்ளுங்கள். எதற்கும் ஒரு நிலையான அடையாளத்திலிருந்து டேப் வைத்தும் அளந்துவிடுங்கள். ஆனால் மரத்தை மட்டும் நம்பக் கூடாது, வெட்டிவிடுவார்கள்.

படம் எடுக்கும்போது முதலில் சிலேட்டில் எண்ணை எழுதி அதை ஒரு படம் எடுங்கள். நாங்கள் முதல் தடவை மூன்று நாள் சுற்றி இருநூறு படம் எடுத்தோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் மஞ்சள் பூசிய நடுகல் எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. எது எந்த ஊர் என்று தெரியாமல் பாதியை மறுபடி போய் எடுத்தோம். தூரத்திலிருந்து சுற்றுப்புறம் தெரிய ஒன்று, நான்கு பக்கமும் நான்கு, அளவுகோலோடு ஒன்று என்று எடுத்தால் போதும். அளவுகோலைக் கல்லுக்குப் பக்கத்தில் வையுங்கள், எழுத்தின் மேல் சாய்க்காதீர்கள்.

எழுத்தைக் கண்டால்

கை பரபரக்கும். சாக்பீஸ் தடவினால் தெரியும், மைதா மாவு பூசினால் தெரியும் என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். சாக்பீஸை நாம் எழுத்து என்று நினைத்த கோட்டில்தான் ஓட்டுவோம், அப்புறம் படத்தில் தெரிவது கல்லின் எழுத்து அல்ல, நம் ஊகம். கம்பி பிரஷ், ஆசிட், எண்ணெய் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நல்ல வழி ஒன்று இருக்கிறது, செலவும் இல்லை. இருட்டிய பிறகு போங்கள். ஒருவர் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், பரப்போடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடிக்கட்டும். பகலில் வெறும் சொரசொரப்பாக இருந்த இடத்தில் வரி வரியாக எழுத்து எழுந்து வரும். வலமிருந்து ஒன்று, இடமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று என்று வெளிச்சத்தை மாற்றி மாற்றிப் படம் எடுங்கள். கேமரா அசையாமல் ஒரே இடத்தில் இருந்தால் இன்னும் நல்லது. பொடி மண் அடைத்திருந்தால் மெத்தென்ற பிரஷால் தட்டிவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். தாளை ஈரமாக்கி ஒற்றி மை தட்டும் மைப்படி வேலை பழகியவர்களுடையது.

படிக்கத் தெரியாவிட்டால் படிக்காதீர்கள். வட்டெழுத்து பழகாத கண்ணுக்கு மண்புழு ஓடிய தடம் மாதிரி இருக்கும். நல்ல படம் இருந்தால் படித்துச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள்.

ஓடு, செங்கல், தாழி

உட்புறம் கறுப்பும் வெளிப்புறம் சிவப்புமாக ஓடு கண்டால் உடனே ‘சங்ககாலம்’ என்று எழுதத் தோன்றும். அந்த வகைப் பானை ஆயிரம் வருடத்துக்கும் மேல் புழக்கத்தில் இருந்தது. மேலே கிடக்கும் ஓட்டை மட்டும் வைத்துக் காலம் சொல்ல முடியாது. வாய் விளிம்பு, கீறல் குறியீடு, எழுத்து ஏதாவது இருந்தால் கிடந்த இடத்திலேயே படம் எடுங்கள். ஓட்டை வீட்டுக்குக் கொண்டுபோனால் அது அழகான ஓடு, அவ்வளவுதான். எங்கே கிடந்தது என்ற சேதி அதோடு போய்விடும். பெரிய செங்கல் கண்டால் நீளம், அகலம், கனம் மூன்றையும் அளந்துகொள்ளுங்கள். பழைய செங்கல்கள் இன்றைய ஒன்பது அங்குலக் கல்லைவிடப் பெரியவை.

தாழியின் வாய் வட்டம் தரையில் தெரிந்தால் மண்ணைக்கூடக் கிளறக் கூடாது. உரிமம் இல்லாமல் அகழ்வது குற்றம். தானாகவே ஏதாவது வெளிப்பட்டால் அதற்கு 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டம் இருக்கிறது. மண்ணுக்குள் கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதென்றால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாய் இன்னும் பத்து ரூபாயாகவே இருக்கிறது! நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலரிடமும் தாசில்தாரிடமும் எழுத்தில் கொடுத்து, கையொப்பத்தோடு நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

எதை வெளியே சொல்லக் கூடாது?

கல்வட்டங்களைக் கண்ட உற்சாகத்தில், எங்களில் ஒருவர் படத்தையும் இருப்பிடத்தையும் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். இரண்டு வாரம் கழித்துப் போனபோது ஒரு வட்டத்தின் நடுவில் இடுப்பளவு குழி இருந்தது. பக்கத்தில் எலுமிச்சம்பழமும் கற்பூரமும். புதையல் ஆசை. உள்ளே அவர்களுக்கு என்ன கிடைத்திருக்கும்? உடைந்த பானைகளும் எலும்பும்தான். எங்களுக்கு அதுவும் இல்லாமல் போயிற்று.

அதனால் இரண்டு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் எல்லோருக்கும் காட்டும் பட்டியலில் பெயரும் வகையும் இருக்கட்டும். ஈமச்சின்னங்கள் (இறந்தவர்களைப் புதைத்த பழைய இடங்கள்), செப்புத் திருமேனிகள், ஆளரவமற்ற குகைகள் ஆகியவற்றின் சரியான இடம் அதிகாரிகளுக்குக் கொடுக்கும் பட்டியலில் மட்டும். தகவல் சொன்னவர்களின் பெயர், எண் இரண்டுமே தனித்தாளில், ஒருவர் பொறுப்பில்.

திருமேனிகளைப் பூட்டிய அறையில் இருக்கிறதென்று படம் எடுக்காமல் விடாதீர்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து களவுபோன நடராசர் ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து 2014-ல் திரும்பி வந்தார். அது நம் நடராசர்தான் என்று காட்ட, புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய புகைப்படம் சான்றாக உதவியது. படம் எடுத்து வைக்காத கோயில் என்றால் எதைக் காட்டிக் கேட்பது?

பட்டியலைத் திட்டமாக்குவது

இதுவரை செய்தது பாதி வேலைதான். பல குழுக்கள் இங்கேயே நின்றுவிடுகின்றன. அழகான புத்தகம் போட்டு, விழா எடுத்து, பீரோவில் வைத்துவிடுகிறார்கள்.

எது முக்கியம் என்று வரிசைப்படுத்துவதைவிட எது அவசரம் என்று வரிசைப்படுத்துங்கள். மலை உச்சியில் உள்ள பாறை ஓவியம் எவ்வளவு அரியதானாலும் குவாரி அந்தப் பக்கம் வராதவரை அடுத்த வருடம் இருக்கும். சாலையோரச் சுமைதாங்கி இருக்காது. சாலை, தூர்வாரல், குவாரி, வீட்டுமனை, கோயில் திருப்பணி என்று ஆபத்தின் பெயரால் பிரித்து, ஒவ்வொன்றும் எந்தத் துறையின் கையில் இருக்கிறது என்று பக்கத்தில் எழுதுங்கள். ஏரி என்றால் நீர்வளத் துறை அல்லது ஊராட்சி ஒன்றியம், பெரிய சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறை, திருப்பணி என்றால் அறநிலையத் துறை. சுவரைப் பளிச்சென்று ஆக்க மணலை வீசியடிக்கும் திருப்பணியில் கல்வெட்டின் எழுத்து தேய்ந்துபோகும். அதை முன்கூட்டியே கடிதமாகக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கூட்டம். ‘நம் பாரம்பரியத்தைக் காப்போம்’ என்று பொதுவாகத் தீர்மானம் போட்டால் யாருக்கும் வேலை இல்லை. இப்படி எழுதுங்கள்: ‘சர்வே எண் 112/3-ல் உள்ள ஏரிக்கோடி வேடியப்பன் நடுகல்லைச் சுற்றி மூன்று மீட்டருக்குள் தூர்வாருதல், சாலை அமைத்தல் ஆகிய பணிகளுக்கு இயந்திரம் பயன்படுத்துவதில்லை எனத் தீர்மானிக்கப்பட்டது.’ இந்தத் தீர்மானத்தையும் பட்டியலையும் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். நகல்கள் கிராம நிர்வாக அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலர், மாவட்ட ஆட்சியர், மாநிலத் தொல்லியல் துறை என்று போகட்டும்.

அந்த நகலில் பட்டியலைச் சர்வே எண் வரிசையில் அடுக்குங்கள். நமக்கு நடுகல், தாழி, தூம்பு என்று வகை வகையாக அடுக்கத்தான் பிடிக்கும். ஆனால் மதிப்பீடு போடுகிற பொறியாளர் நடுகல்லைத் தேட மாட்டார். 112-ல் வேலை, அங்கே ஏதாவது சிக்கல் உண்டா என்றுதான் பார்ப்பார். அந்த வரியில் அவர் கண்ணில் பட வேண்டும். தூம்புக்கல் உடைந்த ஏரியின் சர்வே எண் அன்றைக்கு எங்கள் யாருக்குமே தெரியாது.

பதிவு இருந்தால் ஊருக்குப் பேச வலு வரும். மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும், சமணர் படுக்கையும், பாண்டியர் குடைவரையும் (பாறையைக் குடைந்த கோயில்) உண்டு. 2022-ல் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேர் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பகுதியைச் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு 2024-ல் ஏலம் விட்டபோது மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. ரத்தானது மக்கள் போராட்டத்தால்தான். ஆனால் ‘இங்கே என்ன இருக்கிறது’ என்று கேட்டவர்களுக்கு எடுத்துக்காட்ட ஏற்கெனவே பதிவுகள் இருந்தன.

கல்லைப் பெயர்த்து அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோகலாமா என்று யாராவது கேட்பார்கள். கும்பிடும் கல் என்றால் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். விழுந்து கிடக்கும் கல்லையும் துறையிடம் சொல்லிவிட்டு அதே இடத்தில் நிமிர்த்துவதுதான் நல்லது. இடத்தில் இருக்க வழியே இல்லை என்றால் மட்டும் மாவட்ட அருங்காட்சியகம்.

கடைசியாக, வருடத்துக்கு ஒரு தரம் படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடி சுற்றி வாருங்கள். பழைய படம் எடுத்த அதே இடத்தில் நின்று எடுத்தால் என்ன மாறியிருக்கிறதென்று தெரியும். போன பொங்கலுக்கு நாங்கள் போனபோது 14-ஆம் எண் வேடியப்பனுக்குப் பச்சை எனாமல் அடித்திருந்தார்கள். எழுத்து வரிகளில் இரண்டு மூழ்கிவிட்டன. ‘நிலை’ என்ற இடத்தில் தேதி போட்டு அதை எழுதினோம். பூசாரி சங்கடப்பட்டார், பேரன் ஆசையாக அடித்துவிட்டான் என்றார். சுரண்டி எடுக்க வேண்டாம், அடுத்த வருடம் மஞ்சளும் குங்குமமும் போதும் என்று சொல்லிவிட்டு, அவர் கொடுத்த பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு 15-ஆம் எண்ணுக்குக் கிளம்பினோம்.